ஏகமனதாக இரண்டு வயது

பறவை இடது கட்டைவிரலைக் கவ்வியதும் கிட்டு முதலில் செய்த காரியம், சத்தம் போடாமல் இருந்ததுதான். ஹாலில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தலைவர் பேசும்போது இருமல் வந்தால்கூட வாசலுக்குப் போய் இருமிவிட்டு வருவது மாட்டுங்கா பட்சி ரசிகர் மன்றத்தின் வழக்கம். அலறுவதற்கு விதிமுறைகளில் இடமே கிடையாது. அந்த அலகின் ஓரங்கள் ரம்பம்போலப் பல் வைத்திருந்தன. நடுக்கடலில் தலைகுப்புற விழுந்து, வழுக்கும் மீனைப் பிடித்து நிறுத்துவதற்கென்று அமைந்த அலகு. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அறுபத்து நாலு வயதுக்காரரின் விரல் அதற்கு எம்மாத்திரம். இழுத்தால் சதை போய்விடும் என்று கிட்டுவுக்குத் தெரியும். அதனால் கடிக்கிற மட்டும் கடிக்கட்டும் என்று விரலை அதனிடம் விட்டுவிட்டு, வலது கையால் அதன் இறக்கையை விசிறிபோல மெல்லப் பிரித்தார். நீல நிறப் பிளாஸ்டிக் மீன் பெட்டியின் அடியில் அவருடைய ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

பெரிய இறகுகள் பத்து. உள்ளிருந்து வெளிப்பக்கமாக எண்ணினார். பத்தும் ஒரே பழுப்பு. நுனியில் பத்துக்கும் ஒரே அளவு தேய்மானம். கடைசி மூன்றின் நுனி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது, அது வேறு சமாச்சாரம். நடுவில் ஒரு புது இறகு இல்லை, விழுந்து முளைக்கிற இறகின் குருத்து இல்லை. கிட்டு மறுபடியும் எண்ணினார். விரலில் வலி தோள்வரை ஏறியது. சந்தேகமே இல்லை. இது இந்த வருஷத்துக் குஞ்சு. பிறந்து ஆறு மாசம்கூட ஆகியிருக்காது.

இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் நின்றபடி போய் வந்த முப்பத்தோரு வருஷத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படித்தது. இந்த ஜாதிக் கடல்பறவை எல்லா இறகையும் ஒரே மூச்சில் மாற்றுவதில்லை. அரை வயதுக்கு மேல் உள்கோடி இறகு முதலில் உதிரும். அந்த இடத்தில் கருகருவென்று புதுசு முளைக்கும். பிறகு அதற்கு அடுத்தது. அந்த வரிசை நுனிவரை போய்ச் சேருவதற்குள் உள்ளிருந்து இன்னொரு வரிசை கிளம்பிவிடும். ஆகவே இரண்டு வயதுப் பறவையின் இறக்கையை விரித்தால், காசு வந்தபோது வந்தபோது ஒவ்வொரு குடும்பமாகப் பெயின்ட் அடித்துக்கொண்ட பழைய கட்டடம்போல இருக்கும். ஒரு பால்கனி புதுசு, அடுத்தது போன வருஷத்தது, அதற்கடுத்தது வெளுத்துப் போனது. குஞ்சின் இறக்கையோ ஒரே நாளில் ஒரே வாளிச் சாயத்தில் அடித்த சுவர். குழந்தைகூடச் சொல்லிவிடும். மன்றத்தில் குழந்தைகள் யாரும் இல்லை என்பதுதான் கஷ்டம்.

மேடையில் மன்றத் தலைவர் வைத்தீஸ்வரன், இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த ஹாலுக்கு இரும்பு ஸ்டாண்டில் மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வங்கியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்றது மற்றவர்களுக்குத்தான் தெரியும். பின்சுவரில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்று பெரிசாகத் தொங்கியது. அதில் அவர் ஒரு கடல்பறவையை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். ஒரு புயல் மழையில் தாதரில் ஒதுங்கிய அந்தப் பறவையை மன்றம் காப்பாற்றி, 'கேப்டன்' என்று பெயரிட்டு, நாதஸ்வரத்தோடு கடற்கரையில் பறக்கவிட்டது. பறவையின் ஜாதிப் பெயர் 'பூபி'; இங்கிலீஷ் கொச்சையில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. மாட்டுங்காவில் பெண்கள் இருக்கும் சபையில் சொல்லக்கூடிய பெயரல்ல அது என்று தலைவர் அபிப்பிராயப்பட்டதால், மன்றக் குறிப்புகளில் இனி அது 'கடல் அன்னம்' என்றே எழுதப்பட வேண்டும் என்று அப்போதே உத்தரவாகியிருந்தது.

"அஹிம்சையே ஒரு ரூபம் எடுத்தா எப்படி இருக்கும்? அதான் கடல் அன்னம்," என்றார் தலைவர் மைக்கில். "ரெண்டு வருஷம் சமுத்திரமெல்லாம் சுத்திட்டு நம்ம கேப்டன் எங்க வந்திருக்கான்? மாட்டுங்காவுக்கு! ஏன்? இங்க ஒரு பிடி சாதம் சாப்ட்ட ஜீவனுக்கு வேற எடம் ருசிக்காது."

கை தட்டினார்கள். அஹிம்சையின் ரூபம் கிட்டுவின் விரலை இன்னும் விடவில்லை. கூட்டில் இரண்டு முட்டை, முதலில் பொரிந்த குஞ்சு நாலைந்து நாளில் இரண்டாவதைக் கொத்தி வெயிலில் தள்ளிக் கொன்றுவிடும், தாயும் தகப்பனும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் என்பதையெல்லாம் கிட்டு மன்ற இதழுக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்திருந்தார். அது 'இடமின்மை காரணமாக' வெளிவரவில்லை. அந்த இதழில் தலைவரின் சஷ்டியப்தபூர்த்திப் படம் நாலு பக்கம் வந்திருந்தது.

பறவையைக் கொண்டுவந்த ஆள் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். இன்னாசிமுத்து என்று பெயர். தாராவியில் தோல் பட்டறையில் கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் தோல் வெட்டுகிறவன். ஐம்பது வயது இருக்கும். காலை எட்டரைக்கு மழையில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவனை, போட்டோ எடுக்க வேண்டும் என்று உட்காரவைத்திருந்தார்கள். பறவைக்கென்று அவன் வாங்கி வந்த மத்தி மீனை வாட்ச்மேன் கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டான். சொசைட்டி ஹாலுக்குள் மீன் வரக்கூடாது என்பது கட்டடம் கட்டிய நாளிலிருந்து விதி. அதற்குப் பதிலாக மன்றத்தின் பொருளாளர் ராஜலக்ஷ்மி, பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தயிர் சாதம் வைத்திருந்தாள். பறவை அதன்மேல் எச்சமிட்டிருந்தது.

"நா போவட்டா சார்? பத்து மணிக்குக் கடையில இருக்கணும். ஆர்டர் கெடக்கு," என்று இன்னாசிமுத்து மூன்றாவது தடவையாகக் கிட்டுவிடம் கேட்டான்.

"பன்னெண்டு மணிக்குப் பத்திரிகைக்காரா வருவா. உன் பேரும் வரும்," என்றார் கிட்டு. அது பொய். பத்திரிகைக் குறிப்பை அவரே காலையில் டைப் செய்திருந்தார். அதில், 'கேப்டனைக் கண்டெடுத்தவர் ஓர் எளியவர்' என்றுதான் இருந்தது.

நிகழ்ச்சி நிரலில் நாலாவது விஷயம் பறவையின் வயது. வேறு ஊரில் பறவையின் வயதை இறகைப் பார்த்துச் சொல்வார்கள். மாட்டுங்கா மன்றத்தில் எதையுமே தீர்மானம் போட்டுத்தான் நிர்ணயிப்பது. ஒருதடவை குளத்தில் வந்திறங்கியது கொக்கா நாரையா என்பது ஒன்பதுக்கு ஐந்து என்ற வாக்கில் நாரையாக முடிவானது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பெட்டியில் உள்ள பறவை இரண்டு வயது பூர்த்தியான கடல் அன்னம் என்றும், இதுவே நமது கேப்டன் என்றும் இம்மன்றம் தீர்மானிக்கிறது. போட்டோவைப் பாருங்கோ, பறவையைப் பாருங்கோ. அதே பழுப்புத் தலை, அதே வெள்ளைக் கழுத்து. ஒரு மாத்தம் உண்டா?"

ஒரு மாற்றமும் இல்லை. அதுதானே விஷயம், என்று கிட்டு நினைத்தார். குஞ்சுக்குத்தான் பழுப்புத் தலை; இரண்டு வருஷத்தில் அது வெளுத்திருக்க வேண்டாமா? எல்.கே.ஜி. போட்டோவை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற குழந்தையை 'நம்ம பையன்தான், அப்படியே இருக்கான் பாரு' என்றால், பையன் இப்போது ஆறாம் கிளாஸில் அல்லவா இருக்க வேண்டும்?

"முன்மொழிகிறேன்," என்று கையைத் தூக்கினான் நகுல். தலைவரின் தங்கை மகன். செம்பூரில் வீடு, முப்பத்திரண்டு வயது, ஜிம்மில் வளர்த்த தோள். நாய், பூனை, பறவைகளை மீட்கும் வீடியோக்களுக்கென்று அவனுக்கு ஒரு கூட்டம் இருந்தது. மீட்டபிறகு அவை என்னவாயின என்று அந்தக் கூட்டம் கேட்டதில்லை.

"வழிமொழியறது?"

இறகுகளைக் குறித்துவைக்கிற ரிஜிஸ்தர் செயலாளரிடம் இருப்பதால், விஞ்ஞான விஷயங்களைச் செயலாளர்தான் வழிமொழிய வேண்டும். கிட்டு செயலாளர்தான், ஆனால் 'தற்காலிக'. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். லெட்டர்ஹெட்டிலும் அப்படியே அச்சாகியிருந்தது. இன்றைய நிரலில் ஆறாவது விஷயம், அந்தச் சொல்லை நீக்குவது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் காப்பி மட்டும்தான் இருந்தது. கிட்டு நிரலைப் பார்த்தார். பறவை அந்த நிமிஷம் பார்த்து விரலை விட்டது. அவர் கை தானாகவே மேலே போனது, கட்டைவிரலிலிருந்து முழங்கைவரை ரத்தம் கோடு போட.

"பாருங்கோ! ரத்தம் சொட்டச் சொட்ட வழிமொழியறான் நம்ம கிட்டு. இதான்யா பட்சி பக்தி!" என்றார் தலைவர். ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டலில் கிட்டுவுக்குக் காது சூடாயிற்று. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

ராஜலக்ஷ்மி நல்ல மனசுக்காரி. வம்பு வளர்க்க வேண்டும் என்று அவள் அதைக் கேட்கவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நாம விடறச்சே எறகெல்லாம் முழுசா இருந்துதே. இப்ப நுனி கத்திரிச்சாப்ல இருக்கே, எப்படி?"

ஹால் யோசித்தது. கேப்டன் இரண்டு வருஷமாகப் பெருமையோடு பறந்தவன் என்றால் இறக்கை நுனி வெட்டுப்பட்டிருக்க முடியாது. வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் அவன் பறக்கவில்லை. பறக்கவில்லை என்றால் யாரோ வைத்திருந்தார்கள். இவ்வளவையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின.

இன்னாசிமுத்துவுக்குத் தன்னை யாரோ கடைசியில் கவனித்துவிட்டார்கள் என்று ஒரு சந்தோஷம். எழுந்து நின்றான். "நாந்தான் சார் வெட்டுனேன். வலை நூலு றெக்கையச் சுத்தி இறுக்கிக் கெடந்துச்சு. அவுக்க முடியல. நூலோட சேத்து நுனி ரெண்டு மூணு போயிட்டு. மத்தபடி பாருங்க, ஒரு பிசிறு இருக்காது." தொழிலில் நேர்த்தியான ஆள்; வெட்டு எவ்வளவு சுத்தம் என்று காட்டுவதற்காக இடுப்பிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, தோல் வெட்டும் கத்தியை வெளியே எடுத்தான்.

"அரே, கத்தி எடுக்கறான் மாமா! பகடோ இஸ்கோ! பிடிங்கோ அவனை!"

நகுலின் முதல் அறையில் இன்னாசிமுத்துவின் தலை கதவுச் சட்டத்தில் மோதியது. கத்தி மொசைக்கில் சுழன்றுகொண்டே போய் நாற்காலிகளுக்கு அடியில் மறைந்தது. கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். இன்னாசிமுத்து அடித்தவனைப் பார்க்காமல் கத்தி போன திசையைத்தான் பார்த்தான்.

"எத்தன நாளா வச்சிருந்தே? போல், சொல்லு! ரெண்டு வருஷமா?" என்றான் நகுல்.

"என்ன சார் இப்படிச் சொல்லுதிய? நேத்துச் சாயந்திரம் மழையில எங்க வீட்டுத் தகரத்து மேல வந்து விழுந்துச்சு. ரெண்டு வருசமா? எங்க வீடு பத்துக்குப் பத்து. அஞ்சு பேரு இருக்கோம். இத எங்க சார் வச்சு வளப்பேன்?"

"பத்துக்குப் பத்துல அஞ்சு பேரா!" என்றாள் ராஜலக்ஷ்மி, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

"பொய் சொல்றான் பார். தீர்மானமே ரெண்டு வருஷம்னு ஆயிடுத்து," என்றார் தலைவர் மைக்கில். பத்திரிகைக் குறிப்பில் 'ஓர் எளியவர்' என்ற இடத்தை அடித்துவிட்டு, அதே பேனாவால் 'ஒரு சமூக விரோதி' என்று எழுதினார்.

அடுத்தது உதை. இன்னாசிமுத்து மடங்கி விழுந்தான். செம்பூரிலிருந்து நகுலோடு வந்த இருவர் எழுந்து வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டே உதைத்ததால் இலக்குத் தவறி நாற்காலிக் காலில் பட்டது. ஷூ விலாவில் படும் சத்தம், நனைந்த மெத்தையைத் தட்டுவதுபோலத் தொம் தொம்மென்று கேட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டுக்கொண்டார், மறைக்கிறது என்று. இன்னொருவர், "ஹால்ல வேண்டாம்ப்பா, மொசைக்ல ரத்தக்கறை போகாது, வெளில கூட்டிண்டு போய்..." என்றார். அந்த ஹாலில் அன்று எழுந்த ஒரே ஆட்சேபணை அதுதான்.

கிட்டு பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலைவரிடம் போய், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "சார், வயசு விஷயத்துல ஒரு சின்னத் திருத்தம்..." என்றார்.

"திருத்தமா? நீதானேடா வழிமொழிஞ்சே?"

"இறகு எல்லாம் ஒரே தலைமுறை சார். ஒண்ணுகூட மாறல்லை. நெஜமாவே ரெண்டு வயசுன்னா..."

"ஏகமனதா நிறைவேறினதைத் திருத்தணும்னா ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கணும். எழுத்து மூலமா. ரூல்ஸ் எழுதினதே நீதான்." தலைவர் அவர் கையை மைக்கிலிருந்து விலக்கினார், எச்சில் இலையை நகர்த்துவதுபோல. "ஆறாவது ஐட்டம் ஞாபகம் இருக்கோல்லியோ?"

ஞாபகம் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் அது ஞாபகம் இருந்ததுதான் கிட்டுவுக்குப் பிற்பாடு பொறுக்க முடியாததாக இருந்தது. அவர் கீழே இறங்கி வந்து, பழைய இடத்திலேயே போய் நின்றார்.

இன்னாசிமுத்து நாலு காலில் எழுந்து, உதட்டிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை நோக்கி ஊர்ந்து வந்தான். "எனக்கு ஒங்க போட்டோவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் கொண்டாந்தத நான் கொண்டு போறேன். கடல்ல விட்டுட்டுப் போறேன்," என்று பெட்டியின் விளிம்பை வலது கையால் பிடித்தான். பிடித்த பிடி பலமான பிடி. நகுல் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. செம்பூர் நண்பர்களும் இழுத்தார்கள், வரவில்லை. போன் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தோல் வெட்டுகிறவனின் கையிலிருந்து ஒரு பெட்டியைப் பிடுங்க முடியவில்லை என்றால் அந்தத் தோளுக்கு என்ன மரியாதை? நகுல் மேடைக்குப் போய் மைக்கைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, இரும்பு ஸ்டாண்டைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தான்.

முதல் அடி விரல்கள்மேல் விழுந்தது. கை விடவில்லை. இரண்டாவது அடியில் பெட்டியின் விளிம்பு பிளந்தது. விரல்களுக்குள் ஏதோ ஒன்று, ஈர விறகு முறிவதுபோல, மந்தமாக முறிந்தது. மூன்றாவது அடி, கை விலகிப்போய்விட்டதால், நேராகப் பெட்டிக்குள் இறங்கியது. தலைவர் கையிலிருந்த மைக் உயிரோடுதான் இருந்தது. எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது.

கேப்டனாகத் தீர்மானிக்கப்பட்ட பறவை, தயிர் சாதத்தில் கழுத்து ஒருபக்கம் திரும்பிக் கிடந்தது. நகுல் ஸ்டாண்டைச் சுவரோரம் ஜாக்கிரதையாகச் சாய்த்துவைத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வைத்தீஸ்வரனுக்கு நிர்வாகத் திறமை உண்டு. "இந்த ஆளோட கொடுமையில நம்ம கேப்டன் பிராணனை விட்டுட்டான்," என்றார், குரல் தழுதழுக்க. "எல்லாரும் எழுந்து நிக்கணும். ரெண்டு நிமிஷம் மௌனம்."

எழுந்து நின்றார்கள். தலை குனிந்தார்கள். நகுலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தரையில் இன்னாசிமுத்து, வலது கையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, "யேசுவே... யேசுவே..." என்று முனகினான். ராஜலக்ஷ்மி ஒருகணம் அவன் பக்கம் திரும்பினாள். பக்கத்திலிருந்தவர் "உஷ்" என்றதும், யாரைச் சொன்னார் என்று தெரியாமல், மறுபடி தலை குனிந்தாள்.

கிட்டு மட்டும் குனியவில்லை. உட்கார்ந்தார். முழங்காலில் சடக்கென்று சத்தம் வந்தது. பெட்டியிலிருந்து பறவையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கனம் ஒன்றரை கிலோ இருக்கும். இன்னும் சூடாக இருந்தது. இறக்கையை விரித்தார். சிரமமே இல்லாமல் முழுசாக விரிந்துகொடுத்தது.

"ஒண்ணு," என்றார் உரக்க. "பழசு. ரெண்டு, பழசு. மூணு, பழசு."

"கிட்டு, மௌனம்," என்றார் தலைவர்.

"நாலு, பழசு. அஞ்சு. ஆறு. எல்லாம் ஒரே நாள்ல மொளைச்சது. ஏழு. எட்டு, ஒம்பது, பத்து, இதுக்கு நுனிதான் போயிருக்கு, தேய்மானம் அதேதான். எல்லாரும் வந்து பாருங்கோ. இது கேப்டன் இல்லை. ரெண்டு வயசும் இல்லை, ஒரு வயசும் இல்லை. ஆறு மாசம்கூட ஆகாத குஞ்சு. ரெண்டு வருஷம் முன்னாடி இது முட்டையாக்கூட இல்லை. இந்த மனுஷன் எதையும் வச்சுக்கல்லை, எதையும் திருடல்லை."

யாரும் வந்து பார்க்கவில்லை. இரண்டு நிமிஷம் இன்னும் முடிந்திருக்கவில்லை என்பது ஒரு காரணம். முடிந்ததும் தலைவர், முகம் சிவந்து, "அப்ப ஏன்டா வழிமொழிஞ்சே?" என்று கேட்டார். இருபத்திரண்டு பேரும் கிட்டுவைப் பார்த்தார்கள். அன்று அந்த ஹாலில் கேட்கப்பட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் சரியான கேள்வி.

இன்னாசிமுத்துவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்க அவனுக்குக் கை இல்லை. கிட்டு எடுத்தார். "எய்யா, எங்க இருக்கிய? கடையில சேட்டு கத்துதாரு," என்றது ஒரு பெண் குரல். கிட்டு கட்டடத்தின் பெயரைச் சொல்லி, உடனே வரச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, வாயில் வந்ததெல்லாம் "கை" என்ற ஒரு சொல்தான்.

இன்னாசிமுத்துவின் மனைவி லூர்து மேரி தாராவியிலிருந்து ஓடித்தான் வந்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். தையல் கடையில் வேலையாம், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியபடியே இருந்தது. வாட்ச்மேன் தடுத்ததற்கு என்ன சொன்னாளோ, அவன் மீன் பையையும் சேர்த்து அவளிடம் கொடுத்துவிட்டான். ஹாலுக்குள் வந்து புருஷனின் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வேண்டாத பக்கம் திரும்பியிருந்தன. அவள் அழவில்லை. மீன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மத்தி மீன்கள் மொசைக்கில் வழுக்கிக்கொண்டே முன்வரிசைக் கால்கள்வரை போயின. ஒருவன் அடிபட்டதற்கு அசையாத ஹால் அப்போதுதான் அலறியது.

"எவன்லே அடிச்சது?" என்று கேட்டாள். நகுல் பின்வாசல் வழியாக எப்போதோ போய்விட்டிருந்தான்.

"கிட்டு, மினிட்ஸ்ல எழுதிக்கோ. 'பறவை இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டது'ன்னு," என்று தலைவர் மைக் இல்லாமல் சொன்னார். கிட்டு மினிட்ஸ் புத்தகத்தை எடுத்தார். உள்ளே எழுதவில்லை. நொறுங்கிய கைக்கு அடியில் பலகையாக அதை வைத்து, தன் மேல்துண்டால் சுற்றிக் கட்டினார். வெளியே மழையில் ஒரு டாக்ஸியை நிறுத்தி மூவரும் ஏறினார்கள்.

"சயான் ஆஸ்பத்திரி," என்றார். யாரும் அவரை இறங்கு என்று சொல்லவில்லை. இன்னாசிமுத்து நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி. வண்டி நாலடி போவதும் நிற்பதுமாக இருந்தது.

"அந்தக் கையிதான் சார் எங்களுக்கு," என்றாள் லூர்து மேரி, முன்னால் பார்த்துக்கொண்டே. "ஒரு ஆட்டுத் தோலுல ஓட்ட எங்க இருக்கு, கீறல் எங்க இருக்குன்னு தடவிப் பாத்தே வெட்டும். மெசின்ல தோலு வெட்டுதவனுவகூட இவுககிட்டத்தான் வந்து கேப்பானுவ."

கிட்டுவால் சும்மா இருக்க முடியவில்லை. சொன்னார். பறவைக்கு அரை வயதுகூட இல்லை என்றும், போலீஸ் வந்தாலும் யார் வந்தாலும் அதை இறகு இறகாக எழுதிக் கொடுக்கத் தயார் என்றும் சொன்னார்.

அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "ஒமக்கு எப்பத் தெரியும்?"

"அது... பாத்த ஒடனேயே தெரியும்."

"எப்பன்னு கேக்கேன். இவுகளை அடிக்கதுக்கு முந்தியா, பொறவா?"

வண்டி சிக்னலில் நின்றது. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"முந்தி," என்றார் கிட்டு.

புருஷனின் தலைக்கு மேலாகக் கையை வீசி அறைந்தாள். கிட்டுவின் மூக்குக் கண்ணாடி பறந்து காலடியில் விழுந்தது. இன்னொன்று. காது ரீங்கென்றது. "ஏ தாயி, காடி மே மாரா-மாரி நஹி," வண்டிக்குள் அடிதடி கூடாது என்றான் டிரைவர். "தும் சலாவ்," நீ ஓட்டு என்றாள் அவள். மூன்றாவதற்கு ஓங்கிய கை வழியிலேயே நின்றது. அந்த அசைவில் இன்னாசிமுத்துவின் கை தொடையிலிருந்து சரிந்து, அவன் அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான். இத்தனை நேரமும் போடாத சத்தம்.

அவள் அந்தக் கையை, கட்டிய புத்தகத்தோடு, இரண்டு கையாலும் மெல்ல எடுத்தாள். இந்தப் பக்கம் அவள் மடியில் ஈரப் பையும் குடையும் இருந்தன. எடுத்ததை அந்தப் பக்கம் கிட்டுவின் மடியில் வைத்தாள்.

"புடியும்," என்றாள். "ஆடாமப் புடியும்வே."

பிடித்தார். விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகக்கண்களில் தோல் சாயத்தின் கருஞ்சிவப்பு. அது எது, ரத்தம் எது என்று கண்ணாடி இல்லாத கண்ணுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. துண்டுக்கு உள்ளே அந்தக் கை தனியாக ஒரு காய்ச்சல் கண்டதுபோலக் கொதித்தது; அதன் துடிப்பு அவருடைய உள்ளங்கையில் வந்து வந்து இடித்தது. பச்சை சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. முன்னால் ஆஸ்பத்திரிவரை ரோட்டைத் தோண்டிப் போட்டு, பள்ளத்திலெல்லாம் மழைத் தண்ணீர் நின்றது. எது ஆழம் எது மேடு என்று மேலே பார்த்தால் தெரியாது. கிட்டு இரண்டு முழங்கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் கியரைப் போட்டான்.